சப்பாத்தில் ஒட்டிய சேறு: எங்கள் நடைக்குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சிட்னிக்கு மேற்கே, புளூ மவுண்டன்ஸ் மலையிலுள்ள கட்டூம்பாப் பக்கம் போன மாதம் நடந்த நமது நடையைப் பற்றியே எழுதுகிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். படங்களும் குழுவின் வட்ஸ்அப்பில் இருக்கின்றன. கயிறு கட்டி மறித்த இடத்தைத் தாண்டி, ஈரப் பன்னங்களுக்கு நடுவே வரிசையாக நின்று எடுத்த அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பாதை தொடங்கும் இடத்தில் சப்பாத்துத் தேய்க்கத் தூரிகையும் கிருமிநாசினியும் வைத்திருந்தார்கள். வரிசை நீளம், நேரம் போகிறது என்று பெரும்பாலானோர் அதைக் கவனிக்காமலே கடந்து போனார்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். சப்பாத்தைச் சுத்தம் செய்யாத ஒருவரையும் பாதையில் இறக்காதீர்கள். இறங்கியவரைப் பாதையை விட்டு வெளியே போக விடாதீர்கள்.

"வெறும் மண்ணுக்கு இவ்வளவு கதையா?" என்று குழுவில் ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அவருக்கும் சேர்த்தே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புளூ மவுண்டன்ஸின் உச்சிகளிலும் சரிவுகளிலும் இருப்பது மணற்கல். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகிக் கல்லானது. பாதையோரம் ஒதுங்கி நிற்கும் ஏதாவது ஒரு பாறைக் குடைவின் சுவரைப் பெருவிரலால் மெல்லத் தடவினாலே மணல் உதிரும். அப்படி உதிர்ந்த மணலும், எரிந்த கரித்துகளும், மக்கிய இலையும் சேர்ந்ததுதான் அங்குள்ள மண். மேலே சாம்பல் கறுப்பு, கீழே வெளிர் மஞ்சள், அதற்கும் கீழே மறுபடி கல். முகடுகளில் பல இடங்களில் முழங்கால் ஆழம்கூட இல்லை. களி குறைவு, சுண்ணாம்பு இல்லை, புளிப்புத் தன்மை அதிகம். ஒரு விரல் தடிப்பு மண் சேர ஆயிரம் ஆண்டளவு பிடிக்கும். ஒரு கோடை மழை ஒரே மணி நேரத்தில் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

இந்த மண்ணில் பொஸ்பரசு மிகமிகக் குறைவு. அந்தக் குறையோடு வாழப் பழகியதால்தான் இவ்வளவு வகை மரஞ்செடிகள் அங்கே இருக்கின்றன. யூக்கலிப்டஸில் மட்டும் ஏறத்தாழ 100 இனங்கள். 2000ஆம் ஆண்டு அந்தக் காடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வராட்டா, பேங்சியா போன்ற அந்த மண்ணுக்கே உரிய செடிகள் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே போத்தல் கழுவும் பிரஷ் போல வேர்க்கொத்துகளைப் பரப்பி, அமிலத்தைச் சுரந்து, மணலோடு ஒட்டிக் கிடக்கும் கொஞ்சநஞ்சப் பொஸ்பரசையும் கரைத்து எடுக்கின்றன. கிடைப்பதை எல்லாம் உறிஞ்சப் பழகிய வேர்கள் அவை. பொஸ்பரசு கூடினால் நிறுத்தத் தெரியாது. அதுவே அவற்றுக்கு நஞ்சாகிறது.

நம்மில் பலர் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வளர்ந்தவர்கள். அது சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் மண். பனையோலையும் குழையும் தாட்டு, மாட்டெருவும் ஆட்டெருவும் போட்டு, தலைமுறை தலைமுறையாக வளப்படுத்திய மண். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழையடிக்கு ஊற்றுவது நமக்கு இயல்பு. அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் சட்டிகளைக் கழுவி, சொதியும் சோறும் சவர்க்காரமும் கலந்த தண்ணீரை ஒரு பேங்சியாவின் அடியில் ஊற்றியவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஊரில் நல்லது செய்யும் அந்தக் கை இங்கே மண்ணைக் கெடுக்கிறது என்பதை யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்? மண்ணில் சத்து ஏறினால் ப்ரிவெட், பிளாக்பெரி போன்ற களைகளும் ஏறும். அவற்றைப் பிடுங்குவதற்குத்தான் என் போன்ற தன்னார்வலர்கள் மாதாமாதம் முழங்காலில் நிற்கிறோம்.

இப்போது அந்தப் படத்தில் நீங்கள் நின்ற இடத்துக்கு வருகிறேன். அது தொங்கு சதுப்பு. மழைநீர் மணற்கல்லுக்குள் இறங்கி, இடையில் இருக்கும் களிக்கல் படையில் தட்டி, சரிவிலே கசிந்து வெளியே வருகிறது. அந்தக் கசிவில் மணலும் மக்கிய வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து உண்டானதுதான் சதுப்பு. மழையில்லாத வாரங்களிலும் கீழே அருவி விழுந்துகொண்டிருப்பது இது தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதால். 2005ஆம் ஆண்டு நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் அழியும் நிலையில் உள்ள உயிர்ச்சமூகமாக இது பட்டியலிடப்பட்டது. இங்கே மட்டுமே வாழும் ஒரு நீர் அரணைக்கு வேறு வீடு கிடையாது.

சதுப்பில் ஒரு கால் புதைந்தால் ஒரு குழி. பலர் வரிசையாக நடந்தால் அது வாய்க்கால். பரவி ஊறிக்கொண்டிருந்த தண்ணீர் அந்த வாய்க்காலைக் கண்டதும் ஓடத் தொடங்குகிறது. ஓடும்போது மணலை அரிக்கிறது. வாய்க்கால் ஆழமாக ஆழமாக இரண்டு பக்கமும் காய்கிறது. காய்ந்த சதுப்பு நெருப்புக்கு விறகு. இதைத் தடுக்கத் தேங்காய் நாரால் செய்த உருளைகளை வாய்க்காலுக்குக் குறுக்கே போடுகிறோம். ஊரில் கயிறு திரிக்கும் அதே தும்புதான். வாகனம் போகாத இடமென்பதால் கல்படிகளில் இரண்டு பேர் தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும். நனைந்த உருளை முதுகை முறிக்கும். மரமுளை அடித்து நிறுத்தி, சணல் பாய் விரித்து, செடி நட்டு முடிக்கப் பருவம் ஒன்று போய்விடும். அந்தக் கயிற்றைக் கட்டியதே இப்படி வேலை நடந்துகொண்டிருந்த இடத்தை மறிக்கத்தான். அதைத் தாண்டித்தான் நமது குழு நின்று சிரித்துக்கொண்டிருக்கிறது.

சப்பாத்துக்கு வருகிறேன். பைட்டோப்தோரா சின்னமோமி என்பது 1922இல் சுமாத்திராவில் கறுவா மரத்தில் கண்டறியப்பட்ட ஒரு நீர்ப்பூஞ்சணம். சப்பாத்தில் ஒட்டிய ஒரு சிட்டிகை ஈரச் சேறு போதும், அது இடம் மாற. நுண்வேர்களை அழுக வைக்கும். மரம் தண்ணீர் இல்லாததுபோல் வாடிச் சாகும். மண்ணுக்குள் வந்துவிட்டால் அகற்ற வழியில்லை. 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட, மிக அரிய வொலமை பைன் மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கை அரசாங்கம் இன்றுவரை ரகசியமாக வைத்திருக்கிறது. அங்கேயும் 2005இல் இந்த நோய் வந்துவிட்டது. அனுமதியின்றிப் போன யாரோ ஒருவரின் சப்பாத்தில் வந்திருக்கலாம் என்றே கருதப்பட்டது. நாமோ ஒரே நாளில் ஒரு பஸ் நிறையச் சப்பாத்துகளை, அவரவர் வீட்டுத் தோட்டச் சேற்றோடு, கொண்டுபோய் இறக்குகிறோம்.

"பெரிய ஆட்களைக் கேட்காமல் எங்களைக் கேட்கிறாயே" என்று சிலர் சொல்லலாம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். முகடு முழுவதும் வீடு கட்டி, கூரைத் தண்ணீரையும் தெருத் தண்ணீரையும் குழாய்வழியே சதுப்புகளுக்குள் திருப்பிவிட்டிருக்கிறார்கள். நியூன்ஸ் மேட்டுநிலத்தின் அடியில் நிலக்கரி தோண்டியதில் பாறை வெடித்து, மேலேயிருந்த சதுப்புகள் சில வற்றிப்போயின. 2019-20 பெருந்தீயில் இந்த மரபுரிமைக் காட்டில் சுமார் 80 விழுக்காடு எரிந்தது. தீயின் சூட்டில் மெழுகேறித் தண்ணீரை ஏற்காமல் போன மணலைப் பெப்ரவரி மழை சாம்பலோடு வாரிக்கொண்டு போய், சிட்னி குடிக்கும் வாரகம்பா நீர்த்தேக்கத்தில் சேர்த்தது. இவற்றுக்கெல்லாம் மனுக் கொடுக்கிறோம், கூட்டங்களுக்குப் போகிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். நமது சப்பாத்துக்கு யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் கோபம் வருகிறது. நிலம் இழந்த வலி தெரிந்த சனம் நாம். இந்த நிலத்தின் ஆதிக்குடிகளான டாருக் மக்களும் கண்டங்கரா மக்களும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பேணிய நிலத்தில் இப்படி நடப்பதை எப்படிச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது?

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரை விட்டு வந்த வயதானவர்களை வீட்டிலிருந்து வெளியே கூட்டிவருகிறீர்கள். பிள்ளைகள் கைப்பேசியை வைத்துவிட்டு நடக்கிறார்கள். உங்கள் நடைகள் தொடர வேண்டும் என்பதே என் விருப்பமும்.

அதனால் மறுபடியும் தயவாகக் கேட்கிறேன். சப்பாத்தைச் சுத்தம் செய்யாத எவரும் பாதையில் இறங்கக்கூடாது. இறங்கியவர் பாதையை விட்டு விலகக்கூடாது. அடுத்த அறிவித்தலில், சாப்பாட்டு விபரத்துக்கு மேலே, இந்த வரியைப் போடுங்கள். பாத்திரங்களைக் கழுவாமல் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பெருமழை பெய்த வாரம் என்றால் நடையைத் தள்ளிவையுங்கள். வரிசை நீள்வதுதான் சிக்கல் என்றால், கார் தரிப்பிடத்துக்கு நான் அரை மணி நேரம் முன்னதாக வருகிறேன். தூரிகைகளும், கிருமி கொல்லத் தெளிக்க மெதிலேற்றட் ஸ்பிரிட்டும் என் செலவில் கொண்டுவருகிறேன். இன்னும் இரண்டு பேரை எனக்கு உதவிக்கு விட்டால் போதும். எந்த நடை, எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் குழுவில் இருக்கும் ஒரு புதர்க்காப்புத் தன்னார்வலர்