கியர் பெட்டியில் தண்ணீர்: பிரிக்கும் முன் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படகுப் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை, அவுட்போர்டு மோட்டாரின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இயந்திரம்) கியர் பெட்டியில் உள்ள ஆயில் தண்ணீர் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், ஆயில் சீல்கள் (தண்டுகளைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையங்கள்) அனைத்தையும் மாற்றிவிட வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பழைய மோட்டார்களைப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில் இந்த அறிவுரையை என்னால் ஏற்க இயலவில்லை. தண்ணீர் எந்த வழியாக நுழைந்தது என்று தெரியாமல் பெட்டியைப் பிரித்துவிட்டால், அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் அத்தோடு போய்விடுகிறது.

முதலில், உள்ளே இருப்பது தண்ணீர்தானா என்று பார்க்க வேண்டும். ஓடி நின்ற சூட்டில் வடித்த ஆயில், காற்றுக் குமிழிகளாலும் பால் கலந்த காப்பி போலத் தோன்றக்கூடும். கண்ணாடிக் குப்பியில் அசையாமல் வைத்தால் காற்று பிரிந்து ஆயில் தெளிந்துவிடும், தண்ணீர் கலந்த ஆயில் அவ்வளவு எளிதில் தெளிவதில்லை. மோட்டாரை ஓர் இரவு முழுவதும் நேராக நிறுத்திவைத்து, காலையில் பெட்டியின் அடியில் உள்ள, ஆயில் வடிக்கும் கீழ்த் திருகைச் சற்றே தளர்த்திப் பார்ப்பது இன்னும் நல்லது. ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், கலக்காமல் தங்கியிருக்கும் தண்ணீர் முதலில் சொட்டும்.

தண்ணீர் உறுதியானதும் எல்லோருடைய சந்தேகமும் சீல்கள் மீதே விழுகிறது. ஆனால், ஆயில் வடிக்கும் திருகிலும் மேலே இருக்கும் காற்றுத் திருகிலும் உள்ள வாஷர்களை மாற்றாமல் அப்படியே திரும்பப் போடுவதும் அடிக்கடி காணும் காரணம்தான். பழைய ஜான்சன், எவின்ரூட் மாடல்கள் சிலவற்றில், வடிதிருகுக்கு அருகிலேயே, கியர் மாற்றும் உறுப்பின் ஊசியைப் பிடித்திருக்கும் இன்னொரு திருகும் உண்டு. வடிதிருகு என்று எண்ணி அதைக் கழற்றிவிட்டால் உள்ளே உறுப்பு இடம் நழுவி, தேவையே இல்லாமல் பெட்டியைப் பிரிக்க நேரிடும். புரொப்பல்லரைக் கழற்றி, தண்டில் மீன்பிடிக்கும் தங்கூசி நூல் சுற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது சீலின் விளிம்பை அறுத்துவிடும்.

இவற்றில் விடை கிடைக்காதபோதுதான் அழுத்தச் சோதனை தேவைப்படுகிறது. ஆயிலை வடித்துவிட்டு, காற்றுத் திருகின் துளையில் அளவுமானி பொருத்திய கைப்பம்பை இணைத்து, முதலில் சதுர அங்குலத்துக்கு 3 முதல் 5 பவுண்டு வரை மட்டும் காற்றேற்றிக் காத்திருக்க வேண்டும். தேய்ந்த சீல் ஒன்று குறைந்த அழுத்தத்தில் கசிந்து, அழுத்தம் கூடும்போது தண்டோடு இறுகி ஒட்டிக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடும் என்பதே இதற்குக் காரணம். பிறகு, அந்தந்த மோட்டாரின் கையேடு அனுமதிக்கும் அளவுவரை படிப்படியாக ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவியோ பெட்டியைத் தண்ணீரில் அமிழ்த்தியோ குமிழி எங்கே எழுகிறது என்று பார்க்கலாம். அப்போது புரொப்பல்லர் தண்டைச் சுழற்றுவதும், கியர் மாற்றும் தண்டை அசைப்பதும் அவசியம். மேலிருந்து இறங்கும் தண்டை மட்டும் அதன் வழக்கமான திசையிலேயே சுழற்ற வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் நீர்ப் பம்பின் ரப்பர் இறக்கைகள் மடங்கி சேதமாகும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பல மோட்டார்களில் தண்டுக்கு இரண்டு சீல்கள் முதுகோடு முதுகாகப் பொருத்தப்பட்டிருக்கும்: ஒன்று ஆயிலை உள்ளே வைக்கிறது, மற்றது தண்ணீரை வெளியே தடுக்கிறது. காற்றேற்றும்போது உள் சீல் நன்றாக இருந்தால், வெளி சீலின் குறை தெரியாமலே போகலாம். ஆகவே, காற்றை உறிஞ்சும் வெற்றிடச் சோதனையும் வேண்டும். ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த நீரில் நிற்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுப்பதும் ஏறத்தாழ இவ்விதமே. பம்பை இணைத்த துளையின் வாஷரை இச்சோதனைகள் எதுவும் சோதிப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது.

கசிவது சீல்தான் என்று தெரிந்தாலும், அதை மாற்றும் முன் தண்டை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பழைய மோட்டார்களில் சீலின் விளிம்பு உரசி உரசித் தண்டில் பள்ளம் விழுந்திருக்கும். அதன்மேல் புதுச் சீல் போட்டால் அதுவும் கசியும். கட்டுரையின் அறிவுரைப்படி செலவழித்த ஒருவர் மறுபடியும் வெளுத்த ஆயிலைக் காண்பது பெரும்பாலும் இதனால்தான்.

புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும்வரை ஏற்றி, மேல் திருகை முதலில் மூட வேண்டும். சில மணி நேரம் ஓட்டியபின் கீழ்த் திருகை மறுபடி தளர்த்திப் பார்க்க வேண்டும். கட்டுரையைத் தாங்கள் மறுபதிப்புச் செய்யும்போது அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக இந்தச் சோதனைகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படகு மோட்டார் பழுதுபார்க்கும் வாசகர்