உன் விறகு அடுக்கைப் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புதிய இரும்பு அடுப்பின் கண்ணாடிக் கதவு முதல் வாரத்திலேயே கருத்துப்போனதையும், அதற்குப் பைன் விறகுதான் காரணம் என்று எல்லோரும் அடித்துச் சொல்வதையும் எழுதியிருந்தாய். எனக்கு மணிக்கட்டு வலி குறைந்து, கோடாலியும் பேனாவும் மறுபடி பிடிக்க முடிகிறது. ஆகவே சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

பைனின் மேல் பழி போடாதே; கண்ணாடியைக் கருக்குவது முழுமையாக எரியாத புகைதான். புகைபோக்கியின் உட்புறத்தில் தாரைப் போலப் படியும் கிரியோசோட்டும் அதே புகை குளிர்ந்த குழாயில் பட்டுப் படிவதால் உண்டாகிறது. ஈர விறகை இட்டாலும், விடியும்வரை தணல் நிற்கட்டும் என்று காற்றுத் திறப்பை இறுக மூடினாலும், எரிவது ஓக் மரமே ஆனாலும் அந்தப் படிவு சேரும். ஒரு நாள் அதுவே குழாய்க்குள் தீப்பற்றக்கூடும். நன்றாகக் காய்ந்த பைன், போதிய காற்றோடு எரியும்போது இந்தத் தொல்லையைத் தருவதில்லை. எடைக்கு எடை பார்த்தால், காய்ந்த மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தைத்தான் தருகின்றன. ஓக் அடர்த்தியான மரம் என்பதால் அதே பருமனுள்ள கட்டையில் எடை கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆஷ் மரத்தைப் பச்சையாகவே எரிக்கலாம் என்று உனக்குச் சொன்னவர் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். வெட்டும்போது அதில் ஈரம் மற்ற பல மரங்களைவிடக் குறைவு. ஆனாலும் அடுப்புக்கு அது அதிகம். ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 2.6 மெகாஜூல் வெப்பம் செலவாகிறது. அது அறைக்கு வராமல் புகைபோக்கி வழியே போய்விடும்.

எந்த விறகும் ஆறு மாதத்தில் காய்ந்துவிடும் என்ற கணக்கும் அப்படிப் பாதி உண்மைதான். மெல்லியதாகப் பிளந்து காற்றில் அடுக்கிய பைனுக்கு அது போதலாம். ஓக் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் கேட்கும். பிளக்காத உருளைக்கட்டைக்கு மாதக் கணக்கே பொருந்தாது. பட்டை ஈரத்தை எளிதில் விடாது. வெட்டிய முனைகளும் பிளந்த முகங்களுமே அது வெளியேறும் வழி.

போன ஆண்டு எனக்கு விறகு விற்றவர், கட்டையின் முனையில் ஈரமானியை, அதாவது மரத்தின் ஈரத்தை விழுக்காட்டில் காட்டும் கருவியை, குத்தி 18 என்று காட்டினார். முனையில் வெடிப்புகளும் அழகாக விழுந்திருந்தன. வீட்டுக்கு வந்து அதே கட்டையைப் பிளந்து, புதிய முகத்தின் நடுவில் குத்தினேன்: 31. முனைதான் முதலில் காயும் என்பது எனக்குத் தெரியாத செய்தியல்ல. விற்பவர் முன்னால் கோடாலி கேட்கக் கூச்சப்பட்டேன். நீ கூச்சப்படாதே. இன்னொன்று, ஒரு கிலோ கட்டை முழுவதும் உலர்ந்த பின் 800 கிராம் நின்றால், அதன் ஈரம் மொத்த எடையில் 20 விழுக்காடு, உலர்ந்த மரத்தின் எடையில் 25. விறகு ஈரமானிகள் பெரும்பாலும் இரண்டாவது கணக்கையே காட்டுகின்றன. எண் ஒத்துப்போகவில்லை என்று யாரோடும் சண்டைக்குப் போவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்.

அடுக்கைத் தார்ப்பாயால் தரைவரை போர்த்தியிருப்பதாக எழுதியிருந்தாய். நானும் அதைச் செய்தவன்தான்; மழை முடிந்து திறந்தபோது பட்டையெங்கும் வெள்ளைப் பூஞ்சணம், பாயின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர். மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிடு. அடியில் இரண்டு குறுக்குக்கட்டைகள் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி வை. ஏற்கெனவே காய்ந்த விறகின் மேல் ஒரு மழை பட்டால் பதறாதே, மேலீரம் சில நாள் காற்றில் போய்விடும்.

இப்போதே ஒரு கட்டையை எடைபோட்டு, தேதியையும் எடையையும் அதன் முகத்தில் பென்சிலால் எழுதி, அடுக்கின் நடுவில் வை. மாதம் ஒரு முறை எடைபோட்டுப் பார். எடை இறங்குவது நின்ற பிறகு அதைப் பிளந்து, ஈரமானி 20க்குக் கீழே காட்டினால் எரிக்கத் தொடங்கலாம். அதுவரை அந்தக் கட்டையை மட்டும் மறந்துபோய் அடுப்பில் போட்டுவிடாதே. நான் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்