கிரீஸுக்கு ஒரு கணக்கு, ஜெர்மனிக்கு ஒரு கணக்கா? ஷெங்கன் அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஷெங்கன் கவுன்சிலில் கூடும் 29 நாடுகளின் உள்துறை அமைச்சர்களுக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்போர்ட் காட்டாமல் போய்வரலாம் என்று நீங்களே உறுதியளித்த இந்த ஷெங்கன் பகுதிக்குள் எல்லைச் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்த நாடுகளை யார் கேள்வி கேட்கிறார்கள்? 2015 செப்டம்பரில் ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் தொடங்கியது. அந்த நவம்பரில் பிரான்ஸ் தொடங்கியது. இரண்டும் இன்னும் முடியவில்லை. ஆறு மாதம், அப்புறம் இன்னொரு ஆறு மாதம் என்று பத்து வருஷம் ஓடிவிட்டது, காரணம் மட்டும் அகதிகள், பயங்கரவாதம், கொரோனா, ஆள்கடத்தல் என்று மாறிக்கொண்டே வருகிறது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதிக்கிறது, அந்த டிசம்பரில் நெதர்லாந்து சேர்ந்துகொண்டது, ஜெர்மனி ஆட்களைத் திருப்பி அனுப்புகிறது என்று சொல்லி 2025 ஜூலையில் போலந்தும் தன் பக்கத்தில் ஆரம்பித்தது.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்ட பிறகு எல்லையை இறுக்கியதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்றைய அவசரத்துக்கு எடுத்த முடிவை இன்றுவரை நீட்டிக்கிறீர்களே, அதற்கு யாரிடம் கணக்குக் காட்டுகிறீர்கள்?

உங்கள் மேற்பார்வைக்குப் பல்லே இல்லை என்றால்கூட மனம் ஆறும். பல் இருக்கிறது, அதை நீங்களே காட்டியிருக்கிறீர்கள். 2015 நவம்பரில், ஷெங்கன் விதிகளை நாடுகள் பின்பற்றுகின்றனவா என்று பார்க்கும் ஒரு மதிப்பீட்டுக் குழு முன்னறிவிப்பு இல்லாமல் கிரீஸுக்குப் போனது, துருக்கி எல்லையையும் கீயோஸ், சாமோஸ் தீவுகளையும் பார்த்தது, பெரிய குறைபாடுகள் இருப்பதாக எழுதியது. 2016 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் கூடும் கவுன்சில் 50 பரிந்துரைகளைக் கிரீஸின் கையில் கொடுத்து மூன்று மாதம் கெடு வைத்தது. மே மாதமே, அந்தக் குறைபாடுகளைக் காரணமாகச் சொல்லி ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகளும் உள்எல்லைச் சோதனையைத் தொடரலாம் என்று வழிவிட்டது. ருமேனியா, பல்கேரியா கதை இன்னும் மோசம். ஷெங்கனில் சேரத் தகுதி வந்துவிட்டது என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2011-லேயே சொன்ன நாடுகள் அவை. ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற விதியால் வருஷக்கணக்கில் வாசலிலேயே நின்றன, 2022 டிசம்பரில் ஆஸ்திரியா மறித்தது, 2025 ஜனவரி 1 அன்றுதான் தரை எல்லையும் திறந்தது. உள்ளே வர நினைக்கிறவர்களை இவ்வளவு கறாராகப் பார்க்கிறீர்கள். உள்ளே இருந்துகொண்டே விதியை மீறுகிறவர்களிடம் அந்தக் கறார் எங்கே போகிறது?

இது என் ஊகம் இல்லை, நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஸ்லோவேனியாவிலிருந்து ஆஸ்திரியாவுக்குள் வந்த ஒருவர் பாஸ்போர்ட் காட்ட மறுத்ததற்கு 36 யூரோ அபராதம் போட்டார்கள். அவர் விடாமல் வழக்கு நடத்தினார். 2022 ஏப்ரல் 26 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: புதிய அச்சுறுத்தல் இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் நீட்டிக்க முடியாது. அந்த எல்லையில் அதன் பிறகும் சோதனை நடந்தது. நீங்கள் எடுத்த அடுத்த நடவடிக்கை விதியைத் தளர்த்தியதுதான். 2024-ல் திருத்தப்பட்ட எல்லைச் சட்டத்தின்படி இரண்டு வருஷம் வரை போகலாம், அசாதாரணச் சூழல் என்றால் மூன்று வருஷம். ஒரு தனி மனிதர் 36 யூரோவுக்காக நீதிமன்றம் ஏறித்தான் இதைக் கேட்க வேண்டியிருந்தது என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது, ஏனென்றால் அது ஆணையத்தின் வேலை. ஒப்பந்தத்தை மீறும் நாட்டை நீதிமன்றத்துக்கு இழுக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது. இத்தனை வருஷச் சோதனைகளில் அது அந்த அதிகாரத்தைத் தொடவில்லை.

குறை அமைப்பிலேயே இருக்கிறது. நீண்ட சோதனைகளை ஐரோப்பிய அளவில்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2011-ல் ஆணையம் முன்மொழிந்தபோது உங்களுக்கு முன் அந்த நாற்காலிகளில் இருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். நாடுகளை எப்படி மதிப்பிடுவது என்று 2022-ல் வந்த விதியை ஒன்றியக் கவுன்சில் தனியாகவே நிறைவேற்றியது, ஐரோப்பிய நாடாளுமன்றத்திடம் கருத்து மட்டும் கேட்டது. அதே வருஷம் ஷெங்கன் கவுன்சில் என்று ஒன்றைத் தொடங்கினீர்கள். அதில் உட்கார்ந்து பகுதியின் நிலையைப் பரிசீலிப்பவர்களும், ஊருக்குத் திரும்பியதும் நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர்களும் ஒரே ஆட்கள். இன்று நீங்கள் பக்கத்து நாட்டைக் கேட்டால் நாளை அவர் உங்களைக் கேட்பார், அதனால் யாரும் யாரையும் கேட்பதில்லை.

இதன் பாரம் யார் மேல் விழுகிறது என்றும் பாருங்கள். ஒரு நாட்டில் குடியிருந்து இன்னொரு நாட்டில் வேலை பார்ப்பவர்கள் சுமார் 17 லட்சம் பேர். அவர்களுக்கு இது தாமதம். எங்களுக்கு அதற்கும் மேல். பாரிஸிலும் சூரிச்சிலும் டோர்ட்முண்டிலும் பிரிந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் எல்லை தாண்டித்தான் போக வேண்டும். ரயிலில் காவலர்கள் ஏறினால் பெட்டி முழுக்க இருப்பவர்களை விட்டுவிட்டு எங்கள் இருக்கையில் வந்து நிற்பார்கள். கையில் குடியுரிமை இருந்தாலும் அதே கதைதான். எனக்கும் நடந்திருக்கிறது, என் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

சரி, என்ன செய்யலாம்? புதிய சட்டப்படி 12 மாதம் தாண்டிய சோதனைக்கு அது தேவையா, அளவானதா என்று ஆணையம் கருத்துச் சொல்லியாக வேண்டும். அந்தக் கருத்து முழுமையாக வெளிவரட்டும், தேவையில்லை என்று வந்தால் அடுத்த படி நீதிமன்றமாக இருக்கட்டும். நீட்டிப்பு கேட்கும் அமைச்சர் ஒவ்வொரு முறையும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் குடிமக்கள் உரிமைக் குழு முன்னால், கேமரா ஓடும்போது பதில் சொல்ல வேண்டும்: எத்தனை பேரைச் சோதித்தீர்கள், எந்த அடிப்படையில் அவர்களைத் தேர்ந்தெடுத்தீர்கள், சொன்ன அச்சுறுத்தலில் எதைப் பிடித்தீர்கள், எல்லைக்கு உள்ளே வழக்கமான காவல் பணியால் அதைப் பிடித்திருக்க முடியாதா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இல்லாத கடிதத்தை ஆணையம் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று உங்களில் யார் முதலில் சொல்வீர்கள்?

இப்படிக்கு,
எல்லைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வேலையும் உள்ள ஒரு தமிழர்