ஜன்னலைத் திறந்து வை, கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரோரம் புகைபோக்கி வைத்த கணப்பு சும்மா கிடக்கிறது. கட்டில் காலருகே இரும்புச் சட்டியில் கரி கனிந்துகொண்டிருக்கிறது. ஜன்னல் சாத்தியிருக்கிறது. அன்றைக்கே மூன்று முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடப்பதை டிவியில் காட்டினார்கள். ஊட்டிக் குளிர் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கரியை அறைக்குள் வைக்காதே. புகை இல்லையே என்று நம்பாதே. கனிந்த தணலில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காலையில் தலை பாரமாக இருக்கிறது என்றாயே, அதைப் பனி என்று விட்டுவிடாதே.

கணப்பிலேயே மூட்டு. புகைபோக்கியில் குருவிக்கூடு இருக்கிறதா என்று முதலில் ஆள் விட்டுப் பார். உள்ளே புகைவழியை மூடும் தகடு இருந்தால் திறந்துவிடு. குளிர்ந்த புகைபோக்கி இழுக்காது, புகையை வீட்டுக்குள் தள்ளும். பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி அதன் வாயருகே கொஞ்ச நேரம் பிடித்தால் சூடேறி இழுக்கும். கீழே சுள்ளி, மேலே விரல் தடிமன் குச்சி, அப்புறம்தான் விறகு. சீகை விறகு நின்று எரியும். கற்பூர மரம், அதுதான் யூகலிப்டஸ், ஈரமாக இருந்தால் புகைந்தே உயிரை வாங்கும். இரண்டு கட்டையைத் தட்டிப் பார், கணீரென்று கேட்டால் காய்ந்தது. தணல் முழுக்க அணையாமல் தகட்டை மூடாதே. ஜன்னலை ஒரு சாணாவது திறந்து வை.

விறகை யார் பிளந்து தருகிறார்கள்? மாப்பிள்ளைக்குக் கோடாரி பிடிக்கத் தெரியும்.

பத்து வயதில் ஒரே தீக்குச்சியில் அடுப்பு பற்றவைத்தவள் நீ. அம்மாயி அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்படிப்பட்டவள் இவ்வளவு படித்துவிட்டுக் கரிச்சட்டியோடு படுக்கலாமா?

நீ பிறந்த மாசம் அம்மாயி கரிக் கும்பட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதாகத்தானே கேட்டிருக்கிறாய். கை கால் ஈரத்துணி மாதிரி தொங்க, அப்பா உன்னைத் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். காற்றுப் பட்ட பிறகுதான் அழுதாய். வைத்தது அம்மாயி இல்லை, நான். அவள் வாசலில் எடுத்து வைத்ததை, குளிர் தாங்காமல் நானே உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். எல்லாரும் அவளைத் திட்டும்போது வாய் திறக்கவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தம்பி பிறந்தபோது அவனருகே அவளைப் படுக்க விடவில்லை உங்கப்பா. அப்போதும் நான் பேசவில்லை, கண்ணு. நேற்று ராத்திரிதான் அப்பாவிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு அப்பா வருகிறார். ஒரு மாசத்துக்கு விறகு பிளந்து அடுக்கிவிட்டு மாலையே கிளம்பிவிடுவார். எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அதுவரைக்கும் ஜன்னலைத் திறந்து வை.

அம்மா