எந்தத் தலைகளை எண்ணினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையவழிப் பயிற்சிக்கு எந்தத் துறை ஓர் ஊழியருக்கு எவ்வளவு செலவிடுகிறது என்று சென்ற இதழில் ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். வங்கிக்குப் பச்சை, மென்பொருளுக்குப் பச்சை, எங்கள் உற்பத்தித் துறைக்குச் சிவப்பு. அது போதாதென்று கீழே ஒரு வரி: 'உற்பத்தித் துறைக்குக் கற்றலில் ஆர்வம் குறைவு.' ஆலையொன்றின் பயிற்சிப் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தவன் நான். அந்த வரியைத் தாண்டி மேலே படிக்க முடியவில்லை.

தலைக்கு இவ்வளவு என்கிறீர்கள். எந்தத் தலைகள்? எங்கள் ஆலையில் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இணையப் பாடங்களுக்குள் நுழைய லாகின். மூன்று ஷிப்டிலும் இயந்திரத்தின் முன் நின்றவர்களுக்கு அது கிடையாது. அவர்களையும் சேர்த்து வகுத்தால் செலவு சொற்பமாகத்தான் தெரியும். புதிய பிரஸ் இயந்திரம் வந்தபோது அதைத் தயாரித்த நிறுவனமே பாடங்களையும் கொடுத்தது. கணக்குப் பிரிவு எல்லாவற்றையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்து மூலதனச் செலவில் எழுதியது. பயிற்சிக் கணக்கில் சல்லிக்காசு ஏறவில்லை. பிறகு மூன்று மாதம் பக்கத்தில் நின்று, சத்தத்தைக் கேட்டே கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்த மூத்த தொழிலாளியை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

வங்கியின் ஆர்வத்தையும் அறிவேன். என் மருமகள் வங்கியில்தான் இருக்கிறாள். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புப் பாடத்தைக் கட்டாயம் முடித்தாகவேண்டும். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் 'அடுத்து' பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பாள். தேர்வில் நூற்றுக்கு நூறு!

ஓர் ஆண்டு நாங்களும் பச்சை வாங்கியிருப்போம். எங்கள் பழைய இணையப் பாடங்கள் ஓடியது ஃப்ளாஷ் என்ற மென்பொருளில். 2020 இறுதியோடு அதைக் கைவிடப்போவதாக, அதை வைத்திருந்த அடோபி நிறுவனம் 2017-லேயே அறிவித்துவிட்டது. எங்கள் மேலிடம் கடைசி ஆண்டில்தான் விழித்துக்கொண்டது. அந்தப் பாடங்களையெல்லாம் அவசர அவசரமாக, இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லுக்கு மாற்றியதில் செலவு இரு மடங்கானது. புதிதாக யாரும் எதையும் கற்கவில்லை.

பயிற்சியை நான்கு படிகளில் அளக்கவேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இலேயே எழுதியது தங்களுக்குத் தெரியாததல்ல: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் தெரிந்ததா, பலன் கிடைத்ததா. எவ்வளவு செலவழித்தீர்கள் என்பது அந்த நான்கில் ஒன்றல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனைகளையும் இப்படித்தான் கடைசியில் நிறுத்தினீர்கள். செவிலியர்கள் இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போய், தூங்கவேண்டிய நேரத்தில் பாடங்களை முடிக்கிறார்கள், அதற்குச் சம்பளம் இல்லை, அதனால்தான் செலவு குறைவாகத் தெரிகிறது என்று அப்போதே எழுதினேன். இடப் பற்றாக்குறையால் அந்தக் கடிதம் வெளியாகவில்லை என்று நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ராசிபலனுக்கு அந்த இதழில் முழுப் பக்கம் இருந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை அட்டவணைக்கு அடியில், எத்தனை பேரால் வகுத்தீர்கள், பயிற்சி நேரத்துச் சம்பளமும் கணக்கில் உண்டா என்று சின்ன எழுத்தில் இரண்டு வரி போடுங்கள். வண்ணங்கள் தங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
சிவப்புக் கட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பயிற்சி அலுவலர்