பகலில் வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விளக்கு, ஃபேன், பூட்டு என்று வீட்டையே செல்போனிலிருந்து இயக்குவது பற்றி உங்கள் வீட்டுவசதி இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கம் வயரிங் காண்டிராக்ட் எடுத்துச் செய்கிறவன் நான். எதையெல்லாம் ஆட்டோமேட்டிக் ஆக்கலாம் என்று நீளமாக எழுதியிருந்தீர்கள். அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போவது யார் என்ற கேள்வி மட்டும் வரவில்லை. இந்த வேலைக்காக என்னிடம் பேசுகிறவர் பெரும்பாலும் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற மகன். ஸ்விட்சைத் தொடப்போவது இங்கே இருக்கிற அப்பா அம்மா.

சேலையூரில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டில் எல்லாமே வைஃபை பல்பு. கணக்கு மகன் பெயரில், ஆப் மகன் போனில். பழக்கதோஷத்தில் டீச்சர் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுவார். அங்கே மகன் போனில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். உடனே, “ஏம்மா ஸ்விட்சைத் தொட்டே?” என்று போன் வரும். அப்புறம் ஒரு நாள் நெட் கனெக்‌ஷன் ஆள் வந்து ரூட்டரை மாற்றிவிட்டுப் போனார். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மாறியதில் ஒரு பல்பு கூட ஆப்பில் வரவில்லை. “என் வீட்டுல லைட் போட அவன்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா தம்பி?” என்றார் என்னிடம்.

அந்த பல்புகளைக் கழற்றி சாதா எல்இடி போட்டேன். போர்ட்டிகோவுக்கு மட்டும் ஸ்விட்சுக்குப் பின்னால் பெட்டிக்குள் உட்காருகிற மாட்யூல், அதாவது விளக்கைப் போனிலிருந்தும் இயக்க உதவும் சின்னக் கருவி. டீச்சர் சுவரில் போடலாம். அவர் ஊரில் இல்லாதபோது மகன் போனில் போடலாம். டீச்சர் தானாகக் கேட்டது ஒன்றுதான். ராத்திரி கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் பாத்ரூம் வரை வெளிச்சம் வர வேண்டும். ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற சென்சார் விளக்கு போதும், அதற்கு நெட்டும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். ஹாலில் கேமரா வைக்க மகனுக்கு ஆசை. “நான் நைட்டியோட உக்காந்து டிவி பாக்கறதை யார் பாக்கணும்?” என்று டீச்சர் கேட்டதும், வாசல் கேட்டில் வருபவர் முகத்தைக் காட்டும் வீடியோ டோர் போனோடு பேச்சு முடிந்தது.

எங்கள் பகுதி வீடுகளுக்கு முதலில் வேண்டியது தண்ணீர்த் தொட்டிக்கு லெவல் கன்ட்ரோலர். மேல் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்தும். கீழே இருக்கிற சம்ப் தொட்டியில் தண்ணீர் இல்லை என்றால் ஓடவே விடாது. தண்ணீர் இல்லாமல் ஓடி உள்ளே கம்பிச் சுற்று கருகிய மோட்டார்கள் ரீவைண்டிங் கடைக்குப் போவதைக் கோடைதோறும் பார்க்கிறேன். இதைச் சொன்னால், ‘அது பழசாச்சே’ என்கிறார்கள். பேசினால் எரிகிற விளக்குதான் வேண்டுமாம்!

கரண்ட் மிச்சமாகும் என்று சொல்லி விற்பதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்பது வாட் எல்இடி தினம் 2 மணி நேரம் வீணாக எரிந்தாலும் இரண்டு மாத பில்லில் சுமார் ஒரு யூனிட்தான். வைஃபை பல்போ அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் 75 வாட் பழைய ஃபேனை மாற்றி, குறைந்த கரண்டில் ஓடும் 35 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டால், தினம் 12 மணி நேர ஓட்டத்துக்கு அதே இரண்டு மாதத்தில் 29 யூனிட் வரை குறையும்.

கீசருக்கு டைமர் வைப்பது நல்லதுதான். ஆனால் 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டாதீர்கள். 2 கிலோவாட் கீசரே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் என்றால் 13. பத்து ஆம்பியர் பிளக் சூடேறி உருகக்கூடும். 16 ஆம்பியர் பிளக்கே வாங்குங்கள்.

2025 தீபாவளி அன்று, அக்டோபர் 20, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் சர்வர் மையத்தில் கோளாறு. நாம் சொன்னால் விளக்குப் போடும் அமேசானின் அலெக்சா, பல நாடுகளில் பேச்சு மூச்சில்லாமல் போனது. எங்கோ இருக்கிற கம்ப்யூட்டர் படுத்தால் நம் வீட்டு ஹால் விளக்கு ஏன் படுக்க வேண்டும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இங்கே பல தெருக்களில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அதனால் டிஜிட்டல் பூட்டு வாங்குகிறவர்களிடம் சாவித் துளை இருக்கிற மாடலையே வாங்கச் சொல்கிறேன். அந்தச் சாவியையும் வீட்டுக்குள்ளேயே வைத்துவிடக் கூடாது, பக்கத்து வீட்டில் ஒன்று கொடுத்து வைக்க வேண்டும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் எல்லாவற்றையும் இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. எல்லா ஸ்விட்ச் பெட்டிக்கும் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், இழுத்து வைக்கச் சொல்லுங்கள். ஸ்விட்சுக்குப் பின்னால் வைக்கிற மாட்யூல்களில் பெரும்பாலானவை அது இல்லாமல் வேலை செய்யாது. பிளக் பாயின்ட் இருக்கிற போர்டில் அது எப்படியும் வந்துவிடும். ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போடுகிற டூ-வே ஸ்விட்ச் பெட்டிகளில், மாடிப்படியிலும் கட்டில் ஓரத்திலும்தான் விட்டுவிடுகிறோம். மாட்யூல் உட்கார இடம் வேண்டும் என்பதால் பெட்டியையும் ஆழமானதாகப் போடச் சொல்லுங்கள். பூச்சுக்கு முன் இதற்கு ஆகிற செலவு கொஞ்சம்தான். குடிபோய் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் இருந்து பார்த்த பிறகு எது வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த இணைப்பில் இந்த நியூட்ரல் விஷயத்தை ஒரு படத்தோடு போட்டால், சுவரை மறுபடி கொத்துகிற வேலை எங்களுக்கு மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு வயரிங் காண்டிராக்டர்,
கிழக்குத் தாம்பரம்.