எண்ணெய் கொடுத்த ஆயாவுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

மே 24 சாயங்காலம் சேலம் குகைப் பகுதியில் அடித்த காற்றையும் அப்புறம் நடந்ததையும் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. பாதிப்பேர் அங்கேயே நின்று நனைந்தீர்கள். மீதிப்பேர் மறுநாள் காலைக்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வளவுக்குப் பிறகும் பாஞ்சாலங்குறிச்சி நினைவுக் கூட்டம் நடந்தே முடிந்தது என்பதை இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. நனைந்த சட்டை கொடியில் காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சாய்ந்த பந்தலைத் தோள்கொடுத்துத் தாங்கிய ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள், பாதி வாடகை போதும் என்ற மைக் செட்டுக்காரர், மழை விட்டதும் கம்பத்தில் ஏறிய லைன்மேன், கேட்காமலே டீ கொண்டுவந்த கடைக்காரர், நாற்காலிகளைத் துடைத்துப் போட்ட பிள்ளைகள், கோடை விழா நெரிசலில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஊர்ந்து இறங்கி, பறையைப் பாலிதீனில் சுற்றிக் குழந்தையைப்போல் தூக்கிவந்த ஏற்காட்டுத் தம்பிகள்: உங்கள் எல்லோருக்கும் ஒரு பெரிய கும்பிடு.

இனி அந்த ஆயா.

கரண்டு போனதோடு புரொஜக்டர் போச்சு, மைக்கும் போச்சு. மாண்டவர்களுக்காக ஏற்ற வாங்கிய அகல்கள் மட்டும் அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. எண்ணெய் டின்னோ மேஜையோடு சேர்ந்து சாக்கடைக்குள் விழுந்துவிட்டது. கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கியாயிற்று. கூட்டத்தை முடித்துக்கொள்ளலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, எதிர்ச்சந்திலிருந்து தலையில் முந்தானையைப் போட்டபடி அவர் வந்தார். கையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். மூடிக்குப் பதில் துணி அடைத்திருந்தது.

"வெளக்குக்கு எண்ணெ இல்லைன்னு பசங்க பேசிக்கிட்டாங்க. இத ஊத்து கண்ணு. கொட்டமுத்து எண்ணெதான், நின்னு எரியும்."

கொட்டமுத்து என்றால் ஆமணக்கு. வாழப்பாடிப் பக்கம் மகள் வீட்டுக் காட்டில் விளைந்ததாம். முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதப்பதை வழித்தெடுத்து, மறுபடி காய்ச்சி இறக்கியது. பேரப்பிள்ளைகளின் தலைக்கும் வயிற்றுக்கும் அதுதான் மருந்து. பாதியையாவது வைத்துக்கொள்ளுங்கள் ஆயா என்றேன். "அடுத்த வருசம் காய்க்காமயா போயிரும்?" என்று பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிட்டார்.

விளக்கெண்ணெய் கெட்டியானது, சட்டென்று பற்றாது. கடையில் வாங்கிய திரி அதற்குத் தாங்கவில்லை. ஆயா ஈரத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். யாரோ கொடுத்த பழைய வேட்டியைக் கிழித்து, தொடையில் வைத்து உருட்டி, சுண்டுவிரல் கனத்துக்குத் திரித்தார். ஒவ்வொன்றையும் எண்ணெயில் ஊறவிட்டு, நுனியைக் கிள்ளிப் பிரித்துப் பற்றவைத்தார். ஈரக்காற்றில் ஒன்றுகூட அணையவில்லை.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கிய கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள், இடமே தெரியக்கூடாது என்று அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வார்கள். அங்கே செத்தவர்களுக்கு அன்று குகையில் எரிந்ததும் ஆமணக்கு எண்ணெய். பாதி விளக்குகள் எரிந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. ஆயாவிடம் சொல்லவில்லை. அபசகுனமோ என்று கையை இழுத்துக்கொள்வாரே!

மைக் இல்லாததால் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தீர்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதோடு கதை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்த மண்கோட்டை சில நாட்களிலேயே மறுபடி எழுந்தது. மார்ச் 31 அன்று, பீரங்கி உடைத்த மதிலில் ஏறிய மேஜர் மெக்காலேயின் படையை உள்ளே இருந்தவர்கள் நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினார்கள். அப்புறம் கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்து, மே 24இல் கோட்டையைப் பிடித்தார்.

கோட்டை விழுந்த பிறகு நடந்ததைச் சொன்னபோதுதான் ஆயா திரி தூண்டுவதை நிறுத்தினார். அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரியே பிற்பாடு எழுதிவைத்த செய்தி அது. பிணங்களுக்கு நடுவே ஒரு தாய் மகனைத் தேடுகிறாள். குற்றுயிராகக் கிடந்த மகன், என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான். அந்தச் சாமிதான் ஊமைத்துரை. அந்தத் தாயும் உடன் வந்தவர்களும் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கும்பெனிக்குத் துணைநின்று தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், துணியைப் போர்த்தி, வைசூரியில் செத்த பிணம் என்று அழுது ஏமாற்றுகிறார்கள்.

"அந்தப் பையன் பேரு என்ன கண்ணு?" என்றார் ஆயா.

வெல்ஷ் பேரை எழுதவில்லை. தாயின் பேரும் இல்லை. அங்கே செத்த ஆங்கிலேயர்களுக்குக் கல்லறைகள் இன்றும் பாஞ்சாலங்குறிச்சியில் நிற்கின்றன. நான் அதைச் சொன்னதும் ஆயா ஒன்றும் பேசவில்லை. ஒரு அகலைத் தனியாக நகர்த்தி வைத்து, "இது அவனுக்கு" என்றார். கூட்டத்தில் அதைவிடப் பெரிய பேச்சு எதுவும் இல்லை. என் பேச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தெற்கத்திச் சண்டைக்குச் சேலத்தில் எதற்குக் கூட்டம் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அதே கும்பெனிதான் 1805 ஜூலை 31இல் நம் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது. ஆடிப்பெருக்குக்கு மாலையோடு அங்கே போகிறோம். அவரோடு நின்று செத்தவர்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? ஊர் எதுவானாலும் பேர் இல்லாதவர்கள்தான் அதிகம் செத்திருக்கிறார்கள்.

அதனால் அடுத்த வருஷம் வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் கடைசியில்தான். அந்தத் தாயையும் மகனையும் வைத்துத்தான் கூட்டம் தொடங்கும். எண்ணெய் கடையில் வாங்கப்போவதில்லை, வீட்டுக்கு ஒரு கரண்டி கொண்டுவாருங்கள். திரி திரிக்க ஆயா ஒத்துக்கொண்டிருக்கிறார், வேட்டி மட்டும் பருத்தியாக இருக்க வேண்டுமாம். பந்தல்காரரிடமும் இப்போதே சொல்லிவிட்டேன், பந்தல் கால்களை இன்னும் ஒரு முழம் ஆழமாக நடச் சொல்லி.